டிரம்முக்குள் கறுத்த இலைகள்

அச்சை உடைத்து எடுத்த கையோடு ஒரு பித்தளை நகையைப் பார்த்தால், அதைக் காதில் மாட்டிக்கொள்ள யாருக்கும் ஆசை வராது. அடுப்புக்கரி ஒட்டியது போன்ற மேல்தோல், உலோகம் உள்ளே பாய்ந்த வழியில் நின்றுபோன தண்டின் மிச்சம், ஓரங்களில் மீன் செதிள் போலப் பிசிறு, அங்கங்கே ஊசி முனை அளவில் குழிகள். இந்த நான்கையும் நீக்குவதுதான் என் முதல் வேலை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, குன்னூர் கீழ்ப் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டுச் சந்தில், தகரக் கூரை போட்ட ஒரு வார்ப்புப் பட்டறையில் அரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை ஓர் அக்காவுடையது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து வியாபாரத்தில் ஊன்றிய குடும்பம். கதவுக் கைப்பிடி, கோயில் மணி என்று வார்த்துக்கொண்டிருந்தவர், சுற்றுலா வருகிறவர்கள் சின்னப் பொருளாகத்தான் வாங்குகிறார்கள் என்று கண்டு, நகைக்கு மாறியிருந்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதுதான் எங்கள் பட்டறையின் முதல் நகை. மெழுகில் செய்து, அதைச் சுற்றி மாவுக் கலவை ஊற்றி இறுகவைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அது இருந்த பள்ளத்தில் பித்தளையை ஊற்றுவோம். வார்ப்பது அக்கா. தேய்ப்பது நானும், எங்கள் பக்கத்து வீட்டு அத்தையும்.

அத்தை, என் அம்மாவைப் போலவே, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். அப்பாவை ‘அண்ணன்’ என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். மீதி நாள் பட்டறைக்கு வருவார். அரத்தை அவர் பிடிக்கும் விதம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. நான் மேசையில் வைத்து நகைமேல் அரத்தை ஓட்டுவேன். அவர் அரத்தை மடியில் நிறுத்திவைத்து, அதன்மேல் நகையை ஓட்டுவார். இரண்டும் ஒரே அளவுதான் தேய்த்தன. நான் அளந்து பார்த்தேன்.

பச்சைத் தேயிலையின் விலை விழுந்துகிடந்த காலம் அது. சிறு தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமலே விட்டார்கள். பறிக்காத செடி இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, தான் ஒரு மரம் என்பது நினைவுக்கு வந்தது போல நெட்டையாக நின்றது. கொழுந்து வராமல் ஃபாக்டரிகள் நின்றன. அப்பா ஃபிட்டராக இருந்த ஃபாக்டரி முதலில் பாதி நாள் ஓடியது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நின்றுவிட்டது. நின்ற பிறகும் அப்பா கொஞ்ச காலம் போய்வந்தார். ஓடாத இயந்திரத்தில் பேரிங் இறுகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய் விட்டு வருவார். பிறகு அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திருப்பூரில் அம்மாவின் தம்பி ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன்.

“கேட்டைத் தொறக்கவும் மூடவும் ஒரு ஃபிட்டர் எதுக்கு?” என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். ஆனால் பரணிலிருந்து பழைய ரெக்சின் பையை இறக்கித் துடைத்து வைத்தார். அடியில் ஸ்பேனர், பிளையர், இயந்திர இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மேலே இரண்டு சட்டை. வாட்ச்மேன் வேலைக்கு ஃபீலர் கேஜ் எதற்கென்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊட்டியில் சேரிங் கிராஸ் பக்கம் பரிசுப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர், சீசனுக்கு முன்னால் இலைத் தொங்கட்டானும் இலைப் பதக்கமும் வேண்டுமென்று கேட்டு அக்காவிடம் வந்தார். கேட்டது சின்ன அளவல்ல. வார்த்துவிடலாம். தேய்க்க முடியாது. நானும் அத்தையும் இரண்டு சீசனுக்கு உட்கார்ந்தாலும் முடியாது. மோட்டாரில் ஓடும் துணிச்சக்கரத்தில் கொடுத்துப் பார்த்தோம். சக்கரம் நகையைப் பல்லால் கவ்வுவது போல விரலிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. பெரிய விளக்குக்குச் சரி. சுண்டுவிரல் நகம் அளவு மொட்டை அந்தச் சக்கரத்தின்முன் யார் பிடித்துக்கொண்டிருப்பது?

“அம்மிணி, நீ படிச்ச படிப்புல இதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலீங்களா?” என்றார் அக்கா.

சொல்லித் தந்திருந்தார்கள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம். நகைகளை ஒரு டிரம்மில் போட்டு, கூடவே உரசும் பொருளையும் தண்ணீரையும் போட்டு, மெதுவாகச் சுற்றினால் அவை தாமே தேய்ந்துகொள்ளும். யாரும் கையால் தொட வேண்டாம். அந்த அரைப் பக்கம் பரீட்சையில் வரவே இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார். “சரி, செஞ்சு பாருங்க. இந்த ஆர்டரைக் குடுத்துட்டோம்னா கடைக்காரரு மாசாமாசம் எடுக்கறேன்னு சொல்லீருக்கறாரு. அப்ப மெஷினைப் பாத்துக்க ஓராளு வேணும். உங்கப்பனே இருக்கட்டும். ஆவலைன்னா நான் இதை மூடீட்டு எங்கண்ணன் கூட வர்க்கி பிஸ்கட் வியாபாரத்துக்குப் போறேன். வர்க்கிக்குப் பாலீஸ் போட வேண்டியதில்லை பாரு.”

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சீசன் வரைக்கும் பாக்குறேன்” என்றார்.

பழைய இரும்புக் கடையில் அப்போது ஓடும் ஃபாக்டரிகளில் இருந்ததைவிட அதிகமாகத் தேயிலை இயந்திரம் கிடந்தது. உருளைகள், சல்லடைச் சட்டங்கள், காற்றாடி இறக்கைகள். ஒரு கியர் பெட்டியைப் புரட்டி, அதன் பாதத்தில் இருந்த பற்றவைப்புத் தழும்பைத் தடவி, “இது நான் வச்சது” என்றார் அப்பா. அதைத்தான் வாங்கினோம். அந்தக் கியர் ஒரு காலத்தில் ஃபாக்டரியில் கூகி டிரம்மைச் சுற்றியது. அரைபட்ட ஈரத் தேயிலையை மணி மணியாக உருட்டும் நீண்ட உருளைக்கு அந்தப் பெயர். அப்பாவுக்கு அதைச் சுற்றிய அனுபவம் இருந்தது. எனக்கு அரைப் பக்கம் இருந்தது. அவர் வட்ட டிரம் போதும் என்றார். நான் ஆறுபட்டை வேண்டும் என்றேன். வட்டத்தில் சரக்கு மொத்தமாக வழுக்கும். பட்டை இருந்தால் ஒவ்வொரு பட்டையும் சரக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு போய்ச் சரியவிடும். இரண்டு தகர டின்களில் ஒன்றைத் தட்டிப் பட்டையாக்கி, இரண்டிலும் கூழாங்கல் போட்டுக் கையால் உருட்டிக் காட்டினேன். அப்பா இரண்டையும் காதருகே வைத்துக் கேட்டார். “பட்டையே செய்வோம்” என்றார்.

பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை, உள்ளே லாரி டியூபை வெட்டி ஒட்டிய ரப்பர், ஒரு பட்டையில் போல்ட் போட்டு இறுக்கும் மூடி. அவ்வளவுதான் டிரம்.

அதன் பிறகு வந்த நாட்களைப் போல வேறு எந்த வேலையிலும் எனக்கு அவ்வளவு கேள்விகள் இருந்ததில்லை. எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. பட்டறைக் கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவேன்: எவ்வளவு வேகம், எவ்வளவு நிறைவு, எவ்வளவு தண்ணீர், கூட என்ன போடுவது, எப்போது நிறுத்துவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை கிடைக்கும்வரை கேள்விக்குறி. அத்தைக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும்; ஆனால் காது போல வளைந்த கேள்விக்குறி நன்றாகத் தெரியும். “இன்னைக்கு எத்தனை காது அழிச்ச மருமகளே?” என்று கேட்பார்.

வேகத்துக்கு விடை முதலில் கிடைத்தது. வேகமாகச் சுற்றினால் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், ஒன்றும் உரசாது. மிக மெதுவாகச் சுற்றினால் அடியிலேயே கிடந்து புரளும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதில் சரக்கு ஏறி, உச்சிக்கு வரும் முன்னே, மழைக்கால மண்சரிவு போல மேல்அடுக்கு மட்டும் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் தேய்ப்பு முழுவதும் நடக்கிறது. மூடிய டிரம்முக்குள் அதைப் பார்க்க முடியாது. கேட்கத்தான் வேண்டும். தகரக் கூரையில் சீரான மழை பெய்வது போலக் கேட்டால் சரி. கல் கல்லென்று தனித்தனியாகக் கேட்டால் தண்ணீர் போதவில்லை. சத்தமே இல்லாவிட்டால் நிறைவு அதிகம். உண்மையிலேயே கூரையில் மழை பெய்த நாட்களில் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அப்பா டிரம்மின் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நான் என் கையை வைத்துப் பார்ப்பேன்.

கூட என்ன போடுவது என்ற கேள்விதான் நீண்டது. ஓடைக் கூழாங்கல்லைச் சலித்துப் போட்டோம். மேல்தோல் போயிற்று. ஆனால் தொங்கட்டானின் வளையத் துளைக்குள் ஒவ்வொரு கல் போய் அடைத்துக்கொண்டது. அத்தையும் நானும் ஒரு பகல் முழுக்க ஊசியால் கல்லைக் குத்தி எடுத்தோம்.

“அரிசியிலகூட நான் இவ்வளவு கல்லு பொறுக்குனதில்ல” என்றார் அத்தை.

கதவில் எழுதினேன்: துளையைவிடத் தெளிவாகப் பெரிது, அல்லது தெளிவாகச் சிறிது, நடுவில் இருப்பது கூடாது.

அடுத்து, சாணைக் கடையில் உடைந்துபோட்ட சாணைக்கல்லைத் துண்டாக்கிப் போட்டோம். நன்றாக வெட்டியது. பிசிறு, குழி, அரத்தின் கோடு எல்லாம் மறைந்தன. ஆர்வத்தில் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டோம். திறந்தபோது இலையின் ஓரத்தில் இருந்த ரம்பப் பல்லும் கூடவே மறைந்திருந்தது. மொட்டு மொழுமொழுவென்று இருந்தது.

அத்தை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இது கொழுந்தா, முந்திரிக்கொட்டையா?”

“முந்திரிக்கொட்டைதானுங்க” என்றார் அக்கா. “கேரளாக் கடைக்குப் போட்டுடலாம்.”

டிரம்முக்கு எது பிசிறு, எது இலையின் பல் என்று தெரியாது. இரண்டும் நீட்டிக்கொண்டிருப்பவை, நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் அது முதலில் தின்னும். ஆகவே வெட்டும் ஓட்டம் குறுகியதாக இருக்க வேண்டும். அதன் பிறகு வெட்டாமல், அழுத்தி மட்டும் மெருகேற்றும் ஒன்றைப் போட வேண்டும். அது எஃகுக் குண்டு. மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைவு என்பதால் சைக்கிள் பேரிங் குண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்தது. குண்டு இலையின் மேடுகளைக் கண்ணாடியாக்கியது. நரம்பின் பள்ளத்துக்குள் போகவில்லை. அப்பா சைக்கிள் கம்பியை ஊசி ஊசியாக நறுக்கித் தந்தார். குண்டும் ஊசியும் சேர்ந்து, பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் ஓடியபோது, முதல் முறையாக டிரம்மிலிருந்து நகை வந்தது. நான்கு பேரும் ஆளுக்கொன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நரம்புக்குள்ளும் மினுங்கியது.

“காலண்டரைப் பாருங்க, சீசனுக்கு இன்னும் இருக்குது” என்றார் அக்கா. அப்பா சிரித்ததை நான் அன்று பார்த்தேன்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஈரமாக எடுத்த பித்தளையை அப்படியே விட்டால் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் புள்ளி விழும். அதனால் கடைசியில் மரத்தூளில் போட்டு ஒரு சுற்று ஓட்டி உலர்த்த வேண்டும். சில்வர் ஓக் மரத்தூள் அறுவை மில்லில் மூட்டையாகக் கிடைத்தது. ஆனால் எங்கள் பட்டறையில் மதியத்துக்குமேல் பனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தூளே நனைந்திருந்தால் அது எதை உலர்த்தும்?

தேயிலைக் கழிவைப் போடலாம் என்று முதலில் சொன்னது யாரென்று இப்போது நினைவில்லை. யார் சொன்னாலும் மற்ற மூவரும் ஒத்துக்கொண்டிருப்போம். எந்தத் தூளுக்கும் ஆகாமல் சலித்து ஒதுக்கிய நார், நின்றுபோன ஃபாக்டரிகளின் மூலைகளில் சாக்குச் சாக்காகக் கிடந்தது. சூடான காற்றில் மொறுமொறுவென்று வறண்டது. மலையில் அதைவிடக் காய்ந்த பொருள் இல்லை. மெத்தென்று இருக்கும், கீறாது, ஈரத்தை உறிஞ்சும். என் பட்டியலில் உலர்த்தும் பொருளுக்கு வேண்டிய குணங்கள் மூன்று. மூன்றுக்கும் அது பொருந்தியது.

ஆர்டர் முழுவதையும் இரண்டு ஓட்டமாக முடித்தோம். இரண்டாவது ஓட்டம் மெருகேறிய அன்று, கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். குண்டையும் ஊசியையும் சலித்துப் பிரிப்பது அலுப்பான வேலை. காய்ந்த பிறகு பிரிப்பது சுலபம் என்று தோன்றியது. தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, முதல் ஓட்டத்து நகைகளையும் அதிலேயே சேர்த்து, தேயிலை நாரைக் கொட்டி மூடினோம். டிரம் சுற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. போனது வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் அக்காதான் மூடியைத் திறந்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். அள்ளிய கை மணிக்கட்டுவரை நீலக்கறுப்பாக வெளியே வந்தது. பேனா மை டப்பாவுக்குள் விட்டெடுத்த கை போல. இலைகள், குண்டுகள், ஊசிகள், நார் எல்லாம் ஒரே நிறம். எது எது என்று தெரியவில்லை.

அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். “எலெக்சனுக்கு ஒரு விரல்லதான் மை வெப்பாங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தண்ணீரில் கழுவினோம். போகவில்லை. சோப்பில் கழுவினோம். இன்னும் கறுத்தது போல இருந்தது. அரத்தால் தேய்த்தால் போகும். ஆனால் அரத்தால் தேய்க்க முடியாது என்பதால்தானே இந்த டிரம்? புதிதாக வார்க்கப் பித்தளையும் இல்லை, பொழுதும் இல்லை.

அப்பா டிரம்மின் அடியில் குனிந்து ரப்பரை விரலால் சுரண்டிப் பார்த்தார். “ரப்பர்தான் சாயம் விட்டுருக்கு. லாரி டியூப் வேண்டாமுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு” என்றார். பிறகு, “நான் மச்சானுக்கு போன் போட்டுச் சொல்லிர்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் இறங்கிப் போனார்.

ரப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே ரப்பரில்தானே முந்திரிக்கொட்டைகள் ஓடின? அவை கறுக்கவில்லை. கதவுப் பக்கம் போனேன். டிரம்முக்குள் இருந்தவற்றை எழுதினேன்: பித்தளை, எஃகு, பூந்திக்கொட்டைத் தண்ணீரின் மிச்சம், தேயிலை நார், ரப்பர். ஐந்து பொருள். இதில் எதுவும் தனியாகக் கறுப்பாக்காது. நாரைத் தவிர மற்றவை ஏற்கெனவே ஓடியிருக்கின்றன; சாக்கில் கிடந்த நாரும் கறுப்பு இல்லை. அப்படியானால் ஏதோ இரண்டு சேர்ந்துதான். எந்த இரண்டு?

எனக்குள் இருந்த பயம் அப்போது ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கிறது. போய்விடவில்லை. ஆனால் கேள்விக்கு இடம் விட்டது.

டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் கடன் வாங்கிவந்து வரிசையாக வைத்தேன். ஒன்றில் ஈர நாரும் டிரம்மில் போகாத ஒரு பித்தளை இலையும். ஒன்றில் ஈர நாரும் ரப்பர்த் துண்டும். ஒன்றில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் புதுக் குண்டுகளும். ஒன்றில் ஈர நாரும் புதுக் குண்டுகளும். எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் ஊற்றினேன், சீக்கிரம் தெரியட்டும் என்று.

அத்தை பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். “எனக்கு இதுல எந்த டீ?” என்றார்.

முதல் டம்ளர் சாதாரணத் தேநீர் நிறத்துக்கு வந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் நுரைதான். நான்காவதில், குண்டுகளைச் சுற்றி முதலில் ஒரு சாம்பல் வளையம் வந்தது. பிறகு அது புகை போல எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழுவதையும் கறுப்பாக்கியது. நான் குண்டுகளை ஆட்டிவிட்டேன். இன்னும் கறுத்தது.

“தேயிலையும் இரும்பும்” என்றேன். “தேயிலைத் துவர்ப்பு ஈரத்துல இரும்போட சேர்ந்தா மை மாதிரி ஆயிடுது அத்தை.”

அத்தை டம்ளரைப் பார்த்தார். பிறகு, தோட்டத்தில் இடுப்பில் கட்டும் சாக்குப் படுதாவுக்குப் பக்கத்தில் தன் பையைப் பார்த்தார். அதன் வாயில் கவ்வாத்துக் கத்தியின் முனை தெரிந்தது. செடியை வெட்டி வெட்டிக் கறுத்த கத்தி. தோட்டத்து லயத்தில் எந்த வீட்டிலும் கவ்வாத்துக் கத்தி அந்த நிறம்தான். எங்கள் வீட்டில் அம்மாவின் கத்தியும். அதைப் பார்த்துப் பார்த்து, கத்தி என்றால் கறுப்பு என்றே எங்களுக்குப் பதிந்துவிட்டது. அது ஏன் கறுப்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சமவெளியில் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேயிலை நார் மூட்டையாகக் கிடைக்காது. கிடைக்கும் எங்களுக்கோ அந்தக் கறுப்பு கண்ணில் படாது.

“அடப்பாவமே” என்று அத்தை மெதுவாகச் சொன்னார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, சந்தோசமான சேதியா?” என்றார்.

“கல்யாணத்துக்குப் போறப்ப உங்க கையை என்ன பண்ணுவீங்க அத்தை?” என்று கேட்டேன். விடை எனக்கும் தெரியும். கொழுந்துக் கறை பிடித்த விரல்களை அம்மா முந்தின நாளே புளியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

“புளிதான்” என்றார் அத்தை.

அக்கா கறுத்த கையை நீட்டினார். புளியைக் கரைத்து அவர் விரலில் வைத்துத் தேய்த்தோம். தேய்த்த இடத்தில் தோல் தெரிந்தது.

அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் மூன்று இலைகளை மட்டும் புளித்தண்ணீரில் போட்டேன். ஒன்றைச் சீக்கிரம் எடுத்தேன்: மேடு வெளுத்தது, பள்ளத்தில் கறுப்பு நின்றது. ஒன்றைக் கொஞ்சம் கழித்து: முழுவதும் மஞ்சள். ஒன்றை மறந்தது போல விட்டுவைத்தேன்: பித்தளை ரோஜா நிறத்துக்குப் போய்விட்டது, செம்பு போல. ஆக, இரண்டாவது. குண்டுகள் புளியோடு போகக் கூடாது. புளிப்பு இரும்பை அரித்துவிடும். ஆகவே குண்டுகளைப் பிரித்துத் தனியே தேய்த்துத் துடைக்க வேண்டும். இலைகளைக் கூழாங்கல்லும் புளியும் போட்டு ஒரு சின்ன ஓட்டம், துளையைவிடப் பெரிய கல்லாகச் சலித்து. பிறகு கழுவல், பிறகு குண்டும் ஊசியும், பிறகு குண்டை ஒழுங்காகப் பிரித்துவிட்டு மரத்தூள். மரத்தூளை உலையின் மேல்தட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டால் பனியால் ஒன்றும் செய்ய முடியாது. உலை எங்கள் கண்முன்னால்தான் இத்தனை நாளும் சூடாக இருந்தது.

டிரம்மைக் கழுவித் திரும்பவும் மூடும்போது மூடியின் போல்ட் ஒன்று மழுங்கியிருந்தது. பட்டறை ஸ்பேனர் வழுக்கியது. புளித்தண்ணீர் ஒழுகினால் பயன் இல்லை. நான் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ரெக்சின் பை ஜிப் மூடிப் பக்கத்தில் இருந்தது.

“உங்க ஸ்பேனர் வேணும்” என்றேன்.

“அடியில கெடக்கு. சட்டையை எடுக்கணும்.”

“எடுங்க. ரப்பர் இல்லப்பா. தேயிலையும் இரும்பும்.”

அப்பாவின் கை ஜிப்புக்குப் போனது. ஃபாக்டரியில் டிரையருக்கு முன்னால் இருக்கும் தட்டுகளை ஏன் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றும், தானும் விலை அதிகமென்று மேனேஜர் புலம்பியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் பிறகு ஒரு நாள் சொன்னார். அப்போது ஜிப்பைத் திறந்து, சட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பேனரோடு அவரே முன்னால் நடந்தார். நான் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டிரம் சுற்றியது. அன்று மழை இல்லை. சத்தம் தெளிவாகக் கேட்டது. நிறுத்த வேண்டிய நேரத்தை நானும் அப்பாவும் தனித்தனியாகக் கணித்தோம். இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார். படுகர் இனத்தவர், நிதானமானவர். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்துப் பல்லை நகத்தால் தடவினார். வளையத் துளையில் ஒரு நூலை விட்டு இழுத்தார். ஒரு தட்டில் மட்டும் நரம்புகளில் மெல்லிய கறுப்பு மிச்சம் இருந்தது. புளி போதாத இடம். எனக்கென்னவோ அவைதான் அழகாகத் தெரிந்தன, உண்மை இலையின் நிழல் போல. அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

“இதுல அழுக்கு இருக்குதே” என்றார் அவர்.

“இருக்குதுங்க. அதை மட்டும் நாளைக்கு மறுபடி ஓட்டிக் குடுத்தர்றோம்” என்றார் அக்கா.

“நாளைக்கே வேண்டாம், புதன்கிழமை ஆள் அனுப்பறேன். மத்தது எல்லாம் எடுத்துக்கறேன்.” அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்தார். சாவிக் கொத்தில் தொங்குவது. “இந்த மாதிரி வார்க்க முடியுமா? உள்பக்கமும் பளிச்சுன்னு இருக்கணும். உள்பக்கம் கறுப்பா இருந்தா வாங்கறவங்க தூக்கிப் பார்த்துட்டு வெச்சர்றாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் மணியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். வாய் சிறிது, வயிறு பெரிது. குண்டு உள்ளே போனால் வெளியே வருமா? ஊசி போகும், ஆனால் உள்ளே போய் ஒரே இடத்தில் கிடந்து சுற்றினால் என்ன தேயும்? மணி டிரம்மோடு சேர்ந்து புரளும்போது அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கும்?

அப்பா மணியை என் கையிலிருந்து வாங்கினார். காதருகே வைத்து ஒரு முறை ஆட்டினார்.

“செய்யலாமுங்களா?” என்றார் கடைக்காரர்.

“தெரியல” என்றார் அப்பா. “பாத்தாத்தான் தெரியும்.”

மாலையில் கீழ்ப் பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திருப்பூர் பஸ் எதிரே நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா போனில் சத்தமாகப் பேசுகிறவர்; பஸ் சத்தத்தில் இன்னும் சத்தமாகப் பேசினார்.

“மச்சான், நான் வரல. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுங்க. இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க ஒரு மணிக்கு உள்ள பாலீஸ் போடணும். மணி. கோயில் மணி இல்ல, சின்ன மணி. உள்ள. ஆமா, உள்ள. எப்பிடின்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க இருக்கேன்?”

ரெக்சின் பை பரணுக்குப் போனது. ஸ்பேனர் போகவில்லை. அது டிரம்முக்கு மேலே ஆணியில் தொங்கியது. எதிரே, கதவுப் பலகையில் இருந்ததையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நான் ‘மணி’ என்று எழுதினேன். பக்கத்தில் கேள்விக்குறியை அத்தை போட்டார்.